தெருநாயோடு மட்டும் பேசும் மகன்: தடுப்பதா, விடுவதா?

தஞ்சாவூரிலிருந்து கோவைக்கு மாற்றலாகி வந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஒன்பது வயது மகனுக்குப் பள்ளியிலும் சரி, அடுக்குமாடிக் குடியிருப்பிலும் சரி, ஒரு நண்பன்கூட அமையவில்லை. சில மாதங்களாக கேட்டுக்கு வெளியே படுத்திருக்கும் செவலை நாய் ஒன்றோடு மட்டும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறான். கணவர் நாய்க்கடியை நினைத்துத் தடுக்கச் சொல்கிறார், குடியிருப்போர் சங்கத்தார் முகம் சுளிக்கிறார்கள், உங்களுக்கோ அந்த நேரத்தில் மட்டும்தான் பையன் சிரிக்கிறான் என்று தெரிகிறது. தடுப்பதா, விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசித்தபோது இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாகப் பட்டது. நாயால் பிள்ளையின் உயிருக்கோ உடம்புக்கோ ஏதாவது வந்துவிடுமோ என்பது ஒன்று; நாயோடு பழகிப் பழகி மனிதர்களோடு பழகுவதையே விட்டுவிடுவானோ என்பது மற்றொன்று. கணவரின் பெயரில் முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவது கேள்வி என்றே நினைக்கிறேன். முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குச் சொல்லக்கூடியதில் பாதி அனுபவம், பாதி ஊகம்.

என் தகுதியையும் அதன் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவர். நாமக்கல்லில் படித்துவிட்டு, பணிக்காலம் முழுவதையும் கொங்கு வட்டாரத்து அரசு கால்நடை மருந்தகங்களிலும் வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசி முகாம்களிலும் கழித்தவன். நாயைப் பற்றி நான் சொல்வதை நம்பி நடக்கலாம். வெறிநோய் எங்கள் துறைக்கும் மனித மருத்துவத்துக்கும் பொதுவான பாடம் என்பதால் அதைப் பற்றியும் தயக்கமின்றிப் பேசுவேன். ஆனாலும் உங்கள் மகனுக்கு ஊசி போடுவதைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் குழந்தை மருத்துவர்தான். குழந்தைகளின் மனத்தைப் பற்றி எனக்கு முறையான பயிற்சி கிடையாது. தெருநாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு மருந்தகப் படியேறும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன், அதனால் ஏற்பட்ட ஆர்வத்தில் கொஞ்சம் படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தடுக்காதீர்கள் என்பது என் கருத்து. ஆனால் இப்போது நடப்பதுபோல் கண்டும் காணாமலும் விட்டுவிடவும் கூடாது. இந்தப் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, பெரியவர் ஒருவரின் பார்வையில் நடக்க வேண்டும். நாயோடு பழகியதால் குழந்தைகளுக்கு நேர்ந்த ஆபத்துகளைவிட, பழகியதை மறைத்ததால் நேர்ந்த ஆபத்துகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஒரு முகாமில், சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் ஒரு பையன் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊசி போடும்போது நாய் திமிறியதில் சட்டைக்கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே நான்கைந்து நாள் ஆன பல் தடம், அதன் மேல் காய்ந்துபோன காப்பித்தூள். என்னவென்று கேட்டதற்கு, "வீட்ல சொன்னா மணிய வண்டி வந்து புடிச்சிட்டுப் போயிரும் சார்" என்றான். நாய்க்கடி பட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. நாய் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அன்றைக்கே அவன் அம்மாவை வரவழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம், பையன் நன்றாக இருக்கிறான். வேறு நண்பர்கள் இல்லாத குழந்தைக்கு நாயை இழப்பது உலகத்தையே இழப்பது. "இனிமேல் அந்த நாய்கிட்ட போகக் கூடாது" என்று உங்கள் கணவர் உத்தரவு போட்டால், உங்கள் மகன் போவதை நிறுத்துவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சொல்வதை நிறுத்துவான் என்பதற்கு அநேகமாக உண்டு.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியவை. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அறிகுறி தோன்றுவதற்கு முன் முறையாகச் சிகிச்சை பெற்றால் சாவதும் ஏறக்குறைய இல்லை. இவ்வளவு கொடியதும் இவ்வளவு எளிதில் தடுக்கக்கூடியதுமான நோய் வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு நாய்களிடமிருந்தே வருகிறது. சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள் என்பதால் முகத்திலும் தலையிலும் கழுத்திலும் கடி விழுவது அதிகம், அந்த இடங்களிலிருந்து கிருமி மூளைக்குப் போகும் தூரமும் குறைவு. கடிபட்டதிலிருந்து அறிகுறி தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஓராண்டைத் தாண்டியும் ஆகலாம். ஆகவே கடி பழையது, ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுவது தவறு. உங்கள் கணவரின் பயம் நியாயமானது. அதற்கு அவர் எடுத்திருக்கும் மருந்துதான் சரியில்லை.

கடியோ கீறலோ பட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை வீட்டுக் குழாயடியில் இருக்கிறது. ஓடும் நீரில், சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. கழுவிய கையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாயைத் தொட்டதற்கும் உணவு கொடுத்ததற்கும் காயமில்லாத தோலை அது நக்கியதற்கும் ஊசி தேவையில்லை. இரத்தம் வராத சிறு கீறலுக்குத் தடுப்பூசி தேவை. தோலைத் துளைத்த கடிக்கும், ஏற்கெனவே இருக்கும் புண்ணை நக்கியதற்கும், எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டதற்கும் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் சேர்த்துத் தேவை. இந்தக் கடைசி விஷயம் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கிட்டு, தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும், அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும் ஊசி போடுவார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயத்தைப் பாட்டிமார் இன்னும் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறார்கள். அந்த வகை மருந்தே இந்தியாவில் வழக்கொழிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊசி பயத்தாலும் பிள்ளைகள் கடியை மறைக்கிறார்கள் என்பதால் இதை உங்கள் மகனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். 1885 ஜூலையில் லூயி பாஸ்டர் முதன்முதலில் வெறிநோய்த் தடுப்பு மருந்து கொடுத்துக் காப்பாற்றிய ஜோசப் மைஸ்டருக்கும் அப்போது ஒன்பது வயதுதான் என்று சேர்த்துச் சொன்னால் அவன் காது கொடுத்துக் கேட்கக்கூடும்.

கடிக்கு முன்பே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. உங்களுக்கு இவைதான் முக்கியம். அன்றாடம் நாயோடு பழகும் குழந்தைக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். 0, 7 ஆகிய நாள்களிலும், பிறகு 21 அல்லது 28-ஆம் நாளிலும் போடுவது நம் நாட்டில் உள்ள வழக்கம். இதைப் போட்டுக்கொண்டால் பின்னாளில் கடிபடும்போது ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பொருளில்லை. காயத்தைக் கழுவிவிட்டு 0, 3 ஆகிய இரண்டு நாள்களில் மட்டும் ஊசி போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. இதைக் குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். மற்றொன்று, நாய்க்குத் தடுப்பூசி. ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டிய மலிவான ஊசி அது. நாயின் காது நுனி வெட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட நாய், அப்போதே ஒருமுறை வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள். எப்போது போட்டார்கள் என்பது காதைப் பார்த்துத் தெரியாது என்பதால் இப்போது மீண்டும் போட்டுவிடுவது நல்லது. பையனிடம் அவ்வளவு பழகிய நாய் என்றால், கழுத்தில் ஒரு துணிக்கயிற்றைப் போட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போவது பெரிய காரியமாக இருக்காது. பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஊசி வலியில் வீட்டு நாயே திரும்பிக் கடிப்பதுண்டு, அந்த நேரத்தில் நாயின் தலைப்பக்கம் குழந்தை நிற்கவே கூடாது.

ஊசிகளுக்கு அடுத்தபடி, நாயின் உடல்மொழியைப் படிக்கக் கற்பது. நட்பான நாய் கடிக்காது என்பது பெரியவர்களிடமும் உள்ள தவறான நம்பிக்கை. பழகாத நாயிடம் குழந்தை போவதில்லை, பழகிய நாயிடம்தான் கட்டிப்பிடிப்பது, முகத்தோடு முகம் வைப்பது, தூங்கும்போது மேலே சாய்வது எல்லாம் நடக்கிறது. பிடிக்காத ஒன்றை நாய் எடுத்த எடுப்பில் கடித்துச் சொல்வதில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும், உடம்பு விறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் உறுமும். உறுமுகிற நாயை அடிக்கக் கூடாது. அது கொடுக்கும் எச்சரிக்கையை நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குறிகள் இயல்பாகத் தெரிவதில்லை. பல்லைக் காட்டி உறுமும் நாயைப் பார்த்து அது சிரிக்கிறது என்று அவர்கள் நினைப்பதுண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் என்பவர் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார். உங்கள் மகனோடு ஒரு மாலை கேட்டருகே உட்கார்ந்து, நாய் இப்போது என்ன சொல்கிறது என்று அவனைக் கேளுங்கள். மாதக்கணக்காக அதை உற்றுப் பார்ப்பவன் உங்களைவிட நன்றாகச் சொன்னாலும் சொல்வான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டி போட்டிருக்கும்போதும் தொடுவதில்லை, கட்டிப்பிடிப்பதில்லை, நாய்கள் கூட்டமாக இருக்கும்போது நடுவில் போவதில்லை, வேறு நாய் துரத்தினால் ஓடாமல் அசையாமல் நிற்பது என்ற நான்கு பழக்கங்களை அவன் பிடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வழக்கமான துடிப்பில்லாமல் நாய் ஒதுங்கிப் படுத்தாலோ, காரணமின்றிச் சீறினாலோ, வாயில் எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் தவித்தாலோ, குரல் மாறினாலோ, பக்கத்தில் போகாமல் உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும். "சொன்னால் திட்டமாட்டோம், நாயைத் துரத்தவும் மாட்டோம்" என்று நீங்கள் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தால்தான் அவன் சொல்வான்.

உணவு, சுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தயிர்சாதம், அவித்த முட்டை போதும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சமைத்த கோழி எலும்பு கூடாது. தொட்டபின் கை கழுவ வேண்டும். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் மருந்தகத்திலேயே கேட்டு மருந்து கொடுங்கள். நாய்க்குச் சொறி இருந்தால் அது ஆறும்வரை தொட வேண்டாம்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். தனிமையில் இருக்கும் குழந்தைக்கு நாயின் துணை உதவும் என்ற எண்ணத்துக்கு மருத்துவ உலகில் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்கக் குழந்தை உளவியலாளரிடம், யாரிடமும் பேசாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்துவந்துவிட்டார்கள். வழக்கமாக வெளியே அனுப்பப்பட்டுவிடும் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் அன்று அறையிலேயே இருந்தது; ஓடிப்போய்ச் சிறுவனை நக்கியது. அவன் பயப்படாமல் அதைத் தடவிக்கொடுத்தான், மீண்டும் வரவேண்டும் என்றான். நாயோடு விளையாட வந்தவன் மெல்ல மெல்ல லெவின்சனையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டான். 1960-களின் தொடக்கத்தில் லெவின்சன் இதை எழுதியபோது சக உளவியலாளர்கள் சிலர் கேலி செய்தார்கள். இந்த நிகழ்ச்சியில் என்னைக் கவர்வது நாயின் அன்பைவிட லெவின்சன் அங்கே உட்கார்ந்திருந்தது. நாயும் சிறுவனும் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு நல்ல பிற்பகலாக முடிந்திருக்கும். பக்கத்தில், அவசரப்படாமல், தன் முறை வரும்வரை காத்திருந்த பெரியவர் ஒருவர் இருந்ததால் அது சிகிச்சையாயிற்று.

நாய் மனிதர்களை மனிதர்களோடு பேசவைக்கும் என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நாயோடு நடப்பவரிடம் முன்பின் தெரியாதவர்கள் வந்து பேசுவது பல மடங்கு கூடுவதைக் கண்டார்கள். அவர் நல்ல உடை அணிந்திருந்தாலும் கந்தல் அணிந்திருந்தாலும் அந்த வேறுபாட்டைவிட நாய் இருப்பதா இல்லையா என்பதே பெரிதாக இருந்தது. ஆனால் அவை கழுத்துப்பட்டை கட்டிய வளர்ப்பு நாய்கள். தெருநாயைப் பார்த்தால் நம் ஊரில் பாதிப்பேர் நெருங்குவதற்குப் பதில் ஒதுங்குவார்கள் என்பதை மறக்கக் கூடாது. தெருநாய் பாசம் காட்டுவது சோற்றுக்காகத்தான் என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத ஒருவர் திரும்பத் திரும்ப உணவு கொடுத்ததைவிட, திரும்பத் திரும்பத் தடவிக்கொடுத்தபோது தெருநாய்கள் அவரை அதிகம் நம்பின. உங்கள் மகனுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

சந்தேகத்துக்குரியது எது என்றால், நாய் இருந்தால் குழந்தை மாறிவிடும் என்ற பொதுவான வாக்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் தகவல்களை வைத்து ராண்ட் ஆய்வு நிறுவனத்தார் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தபோது நாயோ பூனையோ வளர்க்கும் வீட்டுக் குழந்தைகள் உடல்நலத்திலும் நடத்தையிலும் மேலாகத் தெரிந்தார்கள். குடும்ப வருமானம், சொந்த வீடு, பெற்றோரின் நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நல்ல வசதியும் நிதானமும் உள்ள வீடுகளில் செல்லப்பிராணியும் இருக்கிறது, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்பதே இதன் சாரம். எனவே நாய் உங்கள் மகனின் தனிமையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. நாயால் அவன் மனிதர்களை வெறுத்துவிடுவான் என்பதற்கும் எந்தச் சான்றையும் நான் பார்த்ததில்லை. அவன் தனிமைக்குக் காரணம் ஊர் மாற்றமும் அறிமுகமில்லாத வகுப்பும். நாய் அதற்குப் பின்னால் வந்தது. பேச்சு வராத நிலையிலிருந்து பேசுகிற நிலைக்கு நாயின் முன்னிலையில் வந்திருக்கிறான் என்றால், அது கெட்ட செய்தி ஆகாது.

முகாம்களில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்லடம் பக்கத்து ஊரொன்றில், வேலைக்காக வெளிமாவட்டத்திலிருந்து வந்து தங்கிய குடும்பத்துப் பெண்குழந்தை, நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிப்பவள், மூன்று தெருநாய்களைத் தன்னந்தனியாகக் கூட்டிவந்தாள். எங்கள் உதவியாளரால் நெருங்க முடியாத ஒரு கருப்பு நாய், அவள் இடுப்பைத் தட்டி "உக்காரு" என்றதும் உட்கார்ந்தது. "இதுக்கு வாலத் தொட்டா ஆகாது, காதுக்குப் பின்னாடி சொறிஞ்சா ஒண்ணும் பண்ணாது" என்று எங்களுக்கே பாடம் எடுத்தாள். அதுவரை அவளை ஒரு பொருட்டாக நினைக்காமல் வேடிக்கை பார்த்த ஊர்ப் பிள்ளைகள் மெல்ல நெருங்கினார்கள். ஒருவன், "எங்கூட்டு நாயப் புடிக்க முடியல, நீ வர்றியா?" என்றான். மத்தியானத்துக்குள் அவள் பின்னால் ஒரு கூட்டமே திரிந்தது. அந்தக் கூட்டம் மறுநாளும் நீடித்ததா என்பதை நான் இருந்து பார்க்கவில்லை, அதனால் இதை நிரூபணமாகச் சொல்லவில்லை. ஆனால் நாயன்பு அவளுக்கு எதைத் தந்தது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். மற்றவர்களுக்குத் தேவைப்படும் ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. புதிதாக வந்த குழந்தை "என்னைச் சேர்த்துக்கொள்" என்று கேட்பது கடினம். தனக்குத் தெரிந்ததைக் காட்டுவது அவ்வளவு கடினமில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நாயின் மேல் போட்டுவிடாதீர்கள். தூக்கம் குறைவது, சாப்பாடு குறைவது, பள்ளிக்குப் போகவேண்டிய நாளில் வயிற்றுவலி, புத்தகமும் டிபன் பாக்ஸும் அடிக்கடி காணாமல்போவது போன்றவை இருந்தால், பள்ளியில் யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்களா என்று வகுப்பாசிரியரிடம் நேரில் கேளுங்கள். நாயிடம் மட்டும் பேசி, வீட்டில் உங்களிடமும் பேசாமல் போனால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இதற்கு மேல் அறிவுரை சொல்வது என் துறையைத் தாண்டுவதாகும்.

குடியிருப்போர் சங்கத்தாரைப் பற்றி. 2023-இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்கு உணவு வைக்க இடம் ஒதுக்குவது அந்தந்தக் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு; அந்த இடம் குழந்தைகள் விளையாடும் பகுதியிலோ, மாடிப்படியிலோ, நுழைவாயிலிலோ இருக்கக் கூடாது. அந்த வகையில் பார்த்தால் கேட்டருகே வைத்து ஊட்டும் உங்கள் மகன் மேலும் கொஞ்சம் தவறு இருக்கிறது, அதை மாற்றிக்கொள்ளுங்கள். கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு, ஒதுக்கிய இடங்களில்தான் உணவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றக் கூறி நவம்பர் 7 அன்று மற்றோர் உத்தரவு வந்தது. இந்த வழக்கில் உத்தரவுகள் மாறிக்கொண்டே வருவதால், மாநகராட்சி அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதைவிட, நாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத்துச் செயலாளரைப் பார்ப்பது பலன் தரும் என்பது என் அனுபவம். அப்போது மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், சீட்டு அவன் கையில் இருக்கட்டும்.

நாயை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். நாய்க்குட்டி என்றால் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையிலான காலத்தில் எதற்கும் பழகிக்கொள்ளும். வளர்ந்த தெருநாய்க்குத் தெருவே எல்லை, தெருவே வேலை. நான்காவது மாடி வீட்டுக்குள் பூட்டினால் சில நாய்கள் பழகும், சில கதவைப் பிறாண்டிக் குரைத்தே உடம்பைக் கெடுத்துக்கொள்ளும். தெருவிலேயே இருக்கட்டும், உங்கள் பொறுப்பில் இருக்கட்டும் என்பதே இப்போதைக்கு நல்ல ஏற்பாடு. அதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். தெருநாயின் ஆயுள் நிச்சயமற்றது. மேலே சொன்ன கொல்கத்தாக் குழுவினர் 364 தெருநாய்க்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஏழு மாதம் ஆகும்வரை பிழைத்தவை 19 விழுக்காடுதான். செத்தவற்றில் பெரும்பகுதிக்கு மனிதர்களே ஏதோ ஒரு வகையில் காரணம். வளர்ந்த நாய்க்கும் வண்டிச் சக்கரம் எமன். ஒருநாள் அந்த நாய் வராமல்போகலாம். "ஊருக்குப் போயிருக்கு", "யாரோ நல்லவங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று கதை சொல்லாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சாவு புரியும். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லி, அழ விட்டு, உடன் இருங்கள். மறுவாரமே வேறொரு குட்டியைக் கொண்டுவந்து நிரப்பவும் வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், முழுப்பரீட்சை விடுமுறைக்கு எப்படியும் தஞ்சாவூர் போவீர்கள், அதிலிருந்து தொடங்கலாம். அந்த நாள்களில் நாய்க்கு யார் சோறு வைப்பது, யார் தண்ணீர் மாற்றுவது என்ற கேள்வி வரும், வரவில்லையென்றால் நீங்கள் எழுப்புங்கள். "காவலாளியிடம் சொல்லிவிடலாம்" என்று நீங்களே முடித்துவிடாதீர்கள். குடியிருப்பில் அவன் வயதுப் பிள்ளைகள் யாராவது தூரத்திலிருந்தாவது அந்த நாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா என்று இப்போதே கவனியுங்கள். அநேகமாக ஒரு பிள்ளையாவது இருக்கும். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நீங்கள் முன்கூட்டியே பேசி, ஊசி போட்ட விவரத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்பதையும், சோறு வைக்கும் நேரம், தொடக் கூடாத இடம், நாய் கொட்டாவி விட்டால் என்ன பொருள் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதையும் உங்கள் மகனிடமே விட்டுவிடுங்கள். விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்தால், புதிய கைக்கு நாய் பழகவும் நேரம் இருக்கும்.